ஏழு புள்ளி வாசர்

பித்தளையைத் துலக்கப் பழம்புளியை மிஞ்சிய சாமான் இன்னும் வரவில்லை, ஐயா. சீமையிலிருந்து டப்பாவில் ஒரு பசை வருகிறது. எங்கள் மேனேஜர் ஆதித்தன் அதை மதுரையில் வாங்கிவந்து தம் கோட்டுப் பித்தானுக்கு மட்டும் போட்டுக்கொள்வார். இரண்டு நாளில் பித்தான் பழையபடி கறுத்துப்போகும். சீமையில் சண்டை மூண்டுவிட்டதாம், இனி அந்த டப்பாவும் வராது. பாவம், அவர் பித்தான்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. புளியோடு கொஞ்சம் சாம்பலைச் சேர்த்துத் தேய்த்துப் பாருங்கள், ஒரு மாதத்துக்கு முகம் பார்க்கலாம். உங்கள் மேசைமேல் இருக்கிறதே அந்தப் பித்தளை வளையம், வாசர் என்போம், அதை நான் தேய்த்ததும் அப்படித்தான். வருகிற வழியெல்லாம் ஏட்டு அதை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே வந்தார். அப்போதும் மின்னியது.

யாரும் வற்புறுத்தாமல்தான் சொல்கிறாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள், மாஜிஸ்திரேட் ஐயா. வற்புறுத்தல் எல்லாம் எதிர்ப்பக்கம்தான். "மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, ஆறு மாசத்துல வீட்டுக்கு வந்துரலாம்" என்று என் வீட்டுக்காரி பஞ்சம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவள் தம்பி கூட்டிவந்த வக்கீலும் அதையேதான் சொல்கிறார். அவர் எவ்வளவோ படித்தவர். ஒரு பிட்டரைப் பார்த்து, நீ வாசர் போட மறந்தவன் என்று சொல்லிக்கொள் என்கிறாரே, அது எத்தனை பெரிய வசவு என்பது மட்டும் அவர் படிப்பில் வரவில்லை போலிருக்கிறது.

என் பெயர் கோட்டைச்சாமி. தேனியிலிருந்து பழனிசெட்டிபட்டி போகிற ரோட்டில் இருக்கும் ஜின்னிங் பாக்டரியில் பத்தொன்பது வருஷமாக பிட்டர், மிஷினைக் கழற்றி மாட்டிப் பழுது பார்க்கிறவன். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சை எடுக்கிற இடம். பதினாறு ஜின் மிஷின், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்பிள்ளை. முதலாளி கருத்தக்கண்ணன் பெரிய பக்திமான். பாக்டரியில் எந்த மிஷினுக்கு எண்ணெய் போட்டாயிற்று என்று அவருக்குத் தெரியாது. எந்தச் சாமி படத்துக்கு விளக்கு போட்டாயிற்று என்று விரல்நுனியில் வைத்திருப்பார்.

வாசர் என்றால் என்ன என்று உங்கள் குமாஸ்தா கேட்டார். சொல்கிறேன். மேலே நீளமாக ஒரு இரும்புத் தண்டு ஓடும், அதை எஞ்சின் சுற்றும். அதிலிருந்து ஒவ்வொரு ஜின்னுக்கும் ஒரு பெல்ட் இறங்கும். ஜின்னின் பக்கத்தில் ஒட்டினாற்போல் இரண்டு சக்கரம் இருக்கும். ஒன்று டைட் புல்லி. அது மிஷினோடு ஆப்படித்துப் பூட்டியது. பெல்ட் அதன்மேல் வந்தால் மிஷின் ஓடும். இன்னொன்று லூஸ் புல்லி. பெல்ட்டை அதன்மேல் தள்ளிவிட்டால் அது மட்டும் சும்மா சுற்றும், மிஷின் நிற்கும். எங்கள் மேனேஜர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நாள் முழுக்கச் சுற்றுவார், அதனால் ஒரு வேலையும் நகராது.

இந்த இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்காருவதுதான் வாசர். கட்டப்பஞ்சாயத்தில் நடுவாள் உட்காருவதுபோல் இரண்டு பேரையும் தொட்டுக்கொண்டு, இரண்டு பேரையும் ஒட்டவிடாமல் இருக்கும். புத்தகத்தில் இதற்குத் திரஸ்ட் வாஷர் என்று பெயர். சுற்றுகிற எந்தச் சாமானும் தன் இடத்தில் இருந்தபடியே சுற்றாது, ஐயா. பக்கவாட்டில் நகரப் பார்க்கும், பக்கத்தில் இருப்பதைத் தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளலை இந்தப் பித்தளை வளையம் தன்மேல் வாங்கித் தேயும். தேய்ந்து ஒழிந்துவிட்டால் லூஸ் புல்லி நகர்ந்துபோய் டைட் புல்லியில் உரசும். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் சூடேறியதும் ஓரத்தை ஓரம் கவ்வும். அப்புறம் பெல்ட் லூஸில் கிடந்தாலும் மிஷின் தானாக ஓடும். நிற்கிறது என்று நம்பி உள்ளே கை வைத்தவர் கதி என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாயக்காளுக்கு அப்படித்தான் ஆனது. போன பங்குனியில், சீசன் உச்சத்தில். மூன்றாம் நம்பர் ஜின்னில் கொட்டை அடைத்துக்கொண்டது. அவள் பெல்ட்டை லூஸில் தள்ளிவிட்டுக் கையை உள்ளே விட்டாள். வலது கையில் கட்டைவிரலைத் தவிர நாலும் போய்விட்டது. முதலாளிக்குத் தாராள மனசு. துரத்திவிடாமல் பாக்டரியைக் கூட்டுகிற வேலைக்கு வைத்துக்கொண்டார். விளக்குமாறு பிடிக்க ஒரு கை போதும் அல்லவா.

விபத்து நடந்தால் சர்க்கார் அச்சடித்துத் தருகிற பாரம் ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும். மேனேஜர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பத்தொன்பது வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அந்த ஒரு நாள்தான்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, கோட்டைச்சாமி. அதைக் காலியா விடக் கூடாது."

"என்ன எழுதப் போறீக?"

"தொழிலாளியின் கவனக்குறைவு. எப்பவும் அதுதான்."

எவ்வளவு வசதியான சொல் பாருங்கள். யார் தலையில் வைத்தாலும் அளவாகப் பொருந்துகிறது. பெல்ட் டைட்டில் இருக்கும்போதே மாயக்காள் கையை விட்டுவிட்டாள் என்று அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலமே மூன்றாம் நம்பரைக் கழற்றிப் புது வாசரை மாட்டினேன். பழைய வாசர் வெற்றிலை கனத்துக்குத் தேய்ந்திருந்தது. அதைக் கிணற்றில் போட்டேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். அய்யம்மாள் என்று ஒருத்தி பக்கத்து மிஷினில் நின்று பார்த்திருக்காவிட்டால் முடிந்திருக்கும். பிற்பாடு அவளைத்தான் ஏழாம் நம்பருக்கு மாற்றினார்கள். கம்பம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், குரல் கொஞ்சம் கனம். தண்ணீர்க் குழாயடியில் நின்று அவள் பேசினால் ரோட்டில் போகிற வண்டிமாடு திரும்பிப் பார்க்கும்.

"மிசினு நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. பெல்ட்டு லூஸ்ல கெடந்ததை நான் என் கண்ணால பாத்தேன். தானா ஓடுச்சு. ஆபீசரு வரட்டும், நான் சொல்லுவேன்" என்றாள். ஒரு தடவை சொல்லி நிறுத்தியிருந்தால் பொறுத்திருப்பேன். ஆறு மாதமாகச் சொன்னாள்.

புரட்டாசியில் கடிதாசி வந்துவிட்டது. விஜயதசமி கழிந்த மூன்றாம் நாள் பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்து ஆட்களை விசாரிப்பார் என்று போட்டிருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, சாமி படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பிட்டர் மேல தப்புன்னு ஆபீசர் எழுதிட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது கோட்டைச்சாமி. நீ வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்." வேறு எந்த இடம்? பேர் கெட்ட பிட்டரைச் சின்னமனூரில் கரும்பு ஆலைக்காரன்கூடச் சேர்க்க மாட்டான். கோட்டைச்சாமி கை பட்டால் மிஷின் பேசும் என்று போடி வரைக்கும் சொல்வார்கள், ஐயா. அந்தப் பேர்தான் எனக்குச் சொத்து, வேறொன்றும் நான் சேர்க்கவில்லை.

அதனால் அய்யம்மாளைப் பார்க்கப் போனேன். நல்லபடியாகத்தான் பேசினேன்.

"ஏன் ஆத்தா, என் பொழப்புல மண்ணைப் போடப் பாக்குறே?"

"உங்க மேல எனக்கென்னண்ணே கோவம்? மாயக்காளு பேர்ல பழியப் போட்டு எழுதிட்டாக. நாளைக்கு என் கையி போனாலும் இப்படித்தானே எழுதுவாக?"

நியாயமான பேச்சு. இப்படி நியாயமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு எரியும். அன்று முழுக்க எரிந்தது. சோறு இறங்கவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவளோ மோர் கொடுத்து அனுப்பினாள்.

இனி எங்கள் ஆயுத பூசையைச் சொல்ல வேண்டும். மற்ற ஊரில் அன்று மிஷினை நிறுத்திப் பொட்டு வைப்பார்கள். எங்கள் முதலாளியின் அப்பா காலத்திலேயே வேறு வழக்கம் வந்துவிட்டது. ஓடாத மிஷினுக்குப் பொட்டு வைப்பது பிணத்துக்குப் பொட்டு வைப்பது மாதிரி என்று அந்தப் பெரிய மனிதர் ஒரு நாள் திருவாய் மலர்ந்துவிட்டார். அதனால் எஞ்சின் ஓட வேண்டும், மேல் தண்டு சுற்ற வேண்டும். ஆனால் பூசை நாளில் வேலை செய்யவும் கூடாது. ஆகவே பதினாறு பெல்ட்டும் லூஸில் கிடக்க வேண்டும். தெய்வத்தை ஏமாற்ற இதைவிட நல்ல ஏற்பாடு எஞ்சினியர் படிப்புப் படித்தவனுக்கும் தோன்றாது. ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாக ஒவ்வொரு பெண்பிள்ளையும் தன் மிஷினுக்குள் முழங்கை வரை கையை விட்டு, உள்ளே இருக்கிற உருளையில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். பக்கத்தில் பிட்டர் நின்று, பெல்ட் லூஸில் கிடக்கிறது என்று ஒவ்வொரு மிஷினுக்கும் குரல் கொடுக்க வேண்டும். பிட்டர் குரல் கொடுக்காமல் எவளும் கை விடமாட்டாள்.

என் ஸ்பானர், சுத்தியல், இரண்டொரு பித்தளைச் சாமான் எல்லாம் துலக்கிச் சாமி முன்னால் ஒரு தாம்பாளத்தில் இருக்கும். மறுநாள் காலை வரை அதைத் தொடக் கூடாது. காலையில் முதலில் எடுக்கிற உரிமை பிட்டருக்கு. வழக்கமாகத் தேய்ந்துபோன பழைய வாசரைத்தான் தாம்பாளத்தில் வைப்பேன். இந்த வருஷம் ஏழாம் நம்பரைக் கழற்றி, உள்ளே இருந்த புது வாசரை எடுத்துப் புளி போட்டுத் துலக்கி வைத்தேன். திருட்டுச் சாமானை யாராவது சாமி முன்னால் வைப்பார்களா? அதனால் எவனும் ஏறிட்டுப் பார்க்கமாட்டான் என்று தெரியும்.

புல்லிகளைத் திரும்ப மாட்டினேன். நடுவில் வாசர் இல்லை, கிரீஸ்தான் இருந்தது. பூசைக்கு முதல் நாள் சாயங்காலம் எஞ்சின் டிரைவர் ராக்கப்பன் வழக்கம்போல எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். அவர் எஞ்சின் அறையில் இருந்தார், நான் ஏழாம் நம்பருக்குப் பக்கத்தில் இருந்தேன். புல்லியைக் கழற்றாமல் இடுக்கில் கிரீஸைக் கொஞ்சமாகப் பூசினால் ஒரு நிமிஷத்தில் கவ்வியது. முன்கூட்டியே ஓடினால் எல்லாரும் பார்த்துவிடுவார்களே என்று இன்னும் கொஞ்சம் கூட்டினேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. ஒன்றாம் நம்பரில் ஆரம்பித்து ஏழாவது பெண்பிள்ளை முறை வரும் நேரத்துக்கு உருளை மெல்லத் திரும்பியது. பூசைக்கு வாங்கிவைத்திருந்த கரும்பில் ஒரு முழம் ஒடித்து உள்ளே நீட்டிப் பார்த்தேன். இழுத்துக்கொண்டது. நான் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை, ஐயா. சக்கையை எல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் முற்பகல் பூசை. முதலாளி பட்டு வேட்டியில் வந்தார், மேனேஜர் பித்தான் மின்ன வந்தார். பெண்பிள்ளைகள் எல்லாம் புதுச்சேலை கட்டியிருந்தார்கள். சும்மா நாளில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும் என்பது பாக்டரி விதி. பூசை நாளில் யார் கேட்கிறார்கள்? ராக்கப்பன் எஞ்சினைக் கிளப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் குரல் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஆறாம் நம்பர் ஜக்கம்மா கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அய்யம்மாள் மற்றவர்களைப் போல் உடனே கை விடவில்லை. பெல்ட்டைக் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அண்ணே, வாசரு நல்லா இருக்கா?"

ஆறு மாதத்தில் அந்தச் சொல்லை எங்கிருந்தோ கற்றுக்கொண்டிருக்கிறாள். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"புது வாசரு ஆத்தா. நேத்து நானே தொலக்குனேன். பெல்ட்டு லூஸ்லதான் கெடக்கு."

இதில் எது பொய்? வாசர் புதுசு, துலக்கியவன் நான், பெல்ட் கிடந்ததும் லூஸில்தான். பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பாக்டரிக்குள் நான் பொய் சொன்னதில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு உள்ளே கையை விட்டாள்.

மூன்று பொட்டில் இரண்டு வைத்துவிட்டாள். அப்புறம் கை போனது, அதோடு முந்தானையும் போனது. நான்தான் முதலில் கையைத் தூக்கி எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எஞ்சினுக்குப் பெரிய சக்கரம், சொன்னவுடன் நிற்காது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் வண்டியிலேயே முடிந்துவிட்டது. அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தது வண்டிக்குப் பின்னாலேயே ஓடியது.

முதலாளி பூசணிக்காயைச் சரியாக உடைக்கவில்லை, திருஷ்டி தங்கிவிட்டது என்றார். மேனேஜர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாரத்தை எடுத்தார். முந்தானையைச் செருகவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டே காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதினார் என்று உங்களுக்கே தெரியும். தொழிலாளியின் கவனக்குறைவு. அய்யம்மாள் அன்றைக்கு மோர் கொடுத்தபோது சொன்னது அப்படியே நடந்தது. மறுநாள் காலையில் வாசரை எடுத்து மாட்டிவிட்டால் என் வேலை தீர்ந்தது.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. சாவு விழுந்த இடத்தில் பூசைத் தாம்பாளம் எப்படி இருக்கும்? தீட்டு. மறுநாள் வரைக்கும் வைக்கக் கூடாது, உடனே எல்லாவற்றையும் எடுத்துக் கழுவு என்று பூசாரி சொல்லிவிட்டார். சாவு வரும் என்று தெரிந்து காரியம் பார்த்தவன், சாவோடு தீட்டும் வரும் என்பதை விட்டுவிட்டேன். ஏட்டையா வந்து என்னை ஆபீசில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் தாம்பாளத்தைக் கழுவ உட்கார்ந்தவள், கூட்டுகிற மாயக்காள்.

ஒவ்வொரு வாசரிலும் அது எந்த மிஷினுக்கு உரியது என்று புள்ளி குத்தி வைப்பது என் பழக்கம். வேறு எந்த பிட்டரும் இவ்வளவு சிரத்தை எடுக்கமாட்டான், இந்தப் புள்ளிக் கணக்கு பாக்டரியில் எல்லாருக்கும் தெரியும். மாயக்காளுக்கு எழுத்துத் தெரியாது, எண்ணத் தெரியும். இடது கையில் ஐந்து விரல், வலது கையில் மிச்சம் இருந்த கட்டைவிரல். அதற்கு மேல் ஒரு புள்ளி இருந்தது, விட்டு எண்ண விரல் இல்லை. அப்படியே ஈரக்கையோடு ஆபீசுக்கு வந்து வாசரை மேசைமேல் வைத்தாள்.

"தேயாத ஏழாம் நம்பரு வாசரு இங்கன இருந்தா, மிசினுக்குள்ள என்ன இருக்கு? அவுத்துப் பாருங்கய்யா" என்றாள். அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அவிழ்த்துப் பார்த்தார்கள். மேனேஜர் உடனே பாரத்தைத் திரும்ப எடுத்து, தொழிலாளி என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு பிட்டர் என்று மாற்றினார். கட்டத்தில் மிச்சச் சொல் அப்படியே இருந்தது. பிட்டரின் கவனக்குறைவு. அதைப் படித்ததும்தான் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. ஒருத்தி செத்துக் கிடந்தபோது வராத நடுக்கம், ஐயா. அந்த ஒரு சொல் என் பேரில் வரக் கூடாது என்றுதானே இத்தனையும் செய்தேன். அதனால்தான் உங்களிடம் வந்து நிற்கிறேன்.

வாசரை நான் மறக்கவில்லை. கழற்றினேன், கிரீஸை அளந்து வைத்தேன், கரும்பை விட்டுப் பார்த்தேன், அவள் கேட்டபோது முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன். அய்யம்மாளைக் கொன்றது நான்தான். கொலை என்றே போடுங்கள், தூக்கு என்றாலும் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த மேனேஜரின் பாரத்தை மட்டும் கிழித்துப்போடச் சொல்லுங்கள்.

மாயக்காள் விஷயமும் என்ன என்று கேட்கிறீர்கள். அதில் மறைக்க ஒன்றுமில்லை. மூன்றாம் நம்பர் வாசர் தேய்ந்துவிட்டது எனக்கு முன்பே தெரியும். அதற்குப் புதுசு கடைந்து, மூன்று புள்ளி குத்தி, பெட்டியில் தயாராக வைத்திருந்தேன். அவள் விரல் போன அன்று அதைப் பெட்டிக்குள் வைத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. புல்லியை இழுத்து மாட்ட அரை நாள் பிடிக்கும், சீசன் முடியட்டும் என்று வைத்திருந்தேன், அவ்வளவுதான். இதைப் போய்க் கவனக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள், ஐயா.